பொட்டு வைத்த சேவல்கள்

கோழிக்குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து ஈரம் காய்வதற்குள் அது சேவலா பேடா என்று சொல்லிவிடுவது என் தொழில். சொன்னது சரியாக இருந்தால் ஒருவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், பிழையாக இருந்தால் ஊரே பாடமாக்கி வைத்திருக்கும்.

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர், எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முனையில் அப்பக்கடை வைத்திருக்கும் பரமேசக்காவின் கணவர் சிவலிங்கம் அண்ணன். பேட்டுக்குஞ்சு என்று சொல்லி ஒரு பெட்டிச் சேவல்குஞ்சை அவர் தலையில் கட்டிவிட்டேனாம். அதை என்னிடம் நேரே வந்து சொல்லியிருந்தால் வாதாடித் தீர்த்திருப்பேன். வாதாடுவது எனக்குச் சாப்பாடு மாதிரி. அவர் அப்பம் சாப்பிட வந்தவர்களிடம் சொன்னார். பரமேசக்காவின் அப்பம் சாப்பிடாதவர் அமிர்தகழியில் யார் இருக்கிறார்?

நீங்கள் எப்போதாவது ஒரு பொருளை உங்கள் கையால் உண்டாக்கி, அதை ஒரு மனிசருக்காவது விற்றிருக்கிறீர்களா? சட்டை தைத்தோ, கேக் அடித்தோ, எதுவானாலும் சரி. அப்படியென்றால் நீங்கள் என் ஆள். பக்கத்தில் வந்து உட்காருங்கள், எல்லாம் சொல்கிறேன்.

தாயின் உடுப்பு

கம்பஸில் எனக்கு விவசாயம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பே தூங்கிவிழும் ஒரு பாடத்தில்தான், கோழி இறகின் நிறம் பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது என்று படிப்பித்தார்கள். அன்றைக்குப் போன நித்திரை எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டுக் கிணற்றடிக்குப் பக்கத்தில் கூடு அடித்தேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிற தோழி ஒருத்தியிடம் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட பேடுகள் சில வாங்கினேன். பார்த்தவர்களெல்லாம், ஆம்பிளைகள் இடுப்பில் உடுத்துகிற கோடுபோட்ட சாறனை நினைத்து, ‘சாறன் கோழி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேவல் மட்டும் ஒரு கோடும் இல்லாத தனிச் சிவப்பு.

ஏன் இப்படி என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். கோடுபோட்ட பேட்டைக் கோடில்லாத சிவப்புச் சேவலோடு சேர்த்தால், தாயின் கோடு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் போகும். பொரித்த அன்றே தெரியும். சேவல்குஞ்சின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். வளர வளர உடம்பெல்லாம் கோடு வரும். பேட்டுக்குஞ்சின் தலை தனிக் கறுப்பு. வளர்ந்தாலும் கறுப்புத்தான், கழுத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மினுங்கும். முட்டைக்கு வளர்க்கிறவர் புள்ளியில்லாததை வாங்கலாம், கறிக்கு வளர்க்கிறவர் புள்ளியுள்ளதை வாங்கலாம், மாதக்கணக்கில் தீனி போட்டுவிட்டு ஏமாறத் தேவையில்லை.

அம்மா மீன் வெட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே எழுதிக் கொடுக்கிற ஊரில் பிறந்து, தன் தாய் எழுதிக் கொடுத்த வீட்டிலேயே இன்றும் சமைக்கிறவர். கத்தியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தாய்ட உடுப்ப மகளுக்குக் குடுக்காம மகனுக்குக் குடுக்குதா? எந்த ஊர்க் கோழிகா புள்ள இது?"

விதானை

கிராம உத்தியோகத்தரை எங்கள் பக்கம் விதானை என்போம். சேவலுக்கு அந்தப் பெயரை வைத்தது நான்தான். யாரும் கூப்பிடாமலே எல்லா வளவுக்கும் போவார், போன இடமெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார், ஒரு வேலையும் செய்யாமல் பெரிய களைப்போடு திரும்பி வருவார். வேறு என்ன பெயர் வைக்கச் சொல்கிறீர்கள்?

ஒருநாள் வீட்டு விபரம் எடுக்க எங்கள் பிரிவின் உண்மையான விதானை பைலோடு வேலிக் கடப்படியில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துச் சேவல் குசினிக்குள் புகுந்து அரிசிச் சுளகில் ஏறியது. அம்மா விளக்குமாற்றோடு துரத்தினார். "டேய் விதானை, இனி இந்தப் பக்கம் வந்தாயெண்டா கழுத்தத் திருகிச் சட்டிக்குள்ள போடுவன்!" ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சேவல் வேலிக்கு மேலால் பறந்தது. பின்னால் ஓடிவந்த அம்மா கடப்படியில் பைலையும் பைலுக்கு மேலே முகத்தையும் கண்டு, விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நான் இடையில் புகுந்து விளங்கப்படுத்தத் தொடங்கினேன். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. அவர் நல்ல மனிசன். பைலைத் திறந்து எழுதிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, அவருக்கு இஞ்சயிரிந்து இடமாற்றம் வந்தா எனக்கும் சொல்லுங்க. நானும் கேட்டுக்கொண்டுதான் இரிக்கிறன்."

நீலம் வேண்டுமென்றால்

ஏறாவூர் நவாஸ் நானாவுக்குத் தொழில் துணிக்கடை. ஆசை, அழகுக் கோழி. என்னிடம் மழைமுகில் நிறத்தில் ஒரு சோடி நின்றது. கோழி வளர்க்கிறவர்கள் அந்தச் சாம்பலைத்தான் நீலம் என்பார்கள். கண்டதும் கொண்டுபோய்விட்டார். சில மாதம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். குஞ்சுகளில் பாதிதான் நீலம். மிச்சத்தில் சில கறுப்பு. சில அழுக்கு வெள்ளையில் மை தெளித்த மாதிரி. பக்கத்து வீட்டுச் சேவலில் சந்தேகப்பட்டு, அந்த வீட்டாரோடு கதைபேச்சையும் நிறுத்திவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

நிலத்தில் ஈர்க்கிலால் கீறிக் காட்டினேன். நீலம் என்பது கறுப்பு அரைவாசி நீர்த்துப்போன நிறம். நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் எப்போதும் இந்த மூன்று சாதியும்தான் வரும். எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமென்றால் கறுப்பையும் அந்த மை தெளித்த வெள்ளையையும் சேர்க்க வேண்டும். நவாஸ் நானா குந்தியிருந்து என் கீறலை நெடுநேரம் பார்த்தார். யோசித்தார். எழும்பிச் சாறனைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப நீலம் வேணுமெண்டா நீலத்த வாங்கப்படாது. இத வாங்க முந்திச் சொல்லியிரிந்தா நான் வாங்கியிரிக்கவே மாட்டனே மகள்."

விலை கூடின சாயம்

மாமாங்கத் திருவிழாக் கடைகளில் பச்சை, ரோசா, மஞ்சள் என்று சாயத்தில் தோய்த்த குஞ்சுகள் விற்பார்களே, கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் அழுது வாங்குவார்கள். பிறகு அந்தச் சாயம் கையிலும் பாயிலும் ஒட்டும். இறகு மாறும்போது மிச்சமும் போய்விடும். அதனால் திருவிழா முடிந்து கொஞ்சக் காலத்துக்கு, கோழியின் மேல் என்ன நிறத்தைக் கண்டாலும் அது வாளிக்குள்ளால் வந்தது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள்.

ஒரு மனிசி குஞ்சு பார்க்க வந்தார். தலையில் வெள்ளைப் புள்ளி உள்ள ஒன்றைத் தூக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். சேலைத் தலைப்பை நாக்கில் நனைத்து அந்தப் புள்ளியைத் தேய்த்தார். குஞ்சு கத்தியது. நானும் கத்தினேன். தலைப்பின் மற்ற முனையில் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு இன்னுமொருமுறை தேய்த்துவிட்டு, குஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூட வந்த தங்கைக்குச் சொன்னார்: "பொட்டு அழியுதில்லகா. நல்ல விலை கூடின சாயம் போல."

காளிக்கு நேர்ந்தது

வாவியில் இறால் பிடிக்கிற ஒருவர். மகனுக்குக் காய்ச்சல் மாறினால் காளிகோயிலுக்குத் தனிக் கறுத்தச் சேவல் விடுவதாக நேர்ந்துவிட்டார். மகனுக்குச் சுகமாகிவிட்டது. சேவல்தான் கிடைக்கவில்லை. என் கூட்டில் கறுப்பாக நின்றதையெல்லாம் காட்டி, ஒன்று தரச்சொன்னார். அதெல்லாம் பேடு என்றேன். அப்படியென்றால் அந்தப் பேடுகளின் தாய் தகப்பனிலிருந்தே ஒரு கறுத்தச் சேவல் பொரிக்க வைக்கச் சொன்னார். இந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் கறுத்தச் சேவல் பிறக்கவே பிறக்காது, சேவலென்றால் கோடு விழுந்தே தீரும், இது இயற்கையின் சட்டம் என்று வாதாடினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அவருடைய தோணிக்காரன் வந்து கூப்பிடும் வரைக்கும். கடைசியில் அவரே சமாதானத்துக்கு வந்தார்: "சரி, அந்தக் கறுத்தப் பேட்டத் தாங்க. அம்மனும் பொம்புளதானே, கோவிக்க மாட்டா."

கூவுவதற்கு ஆள்

இனி வழக்குக்கு வருகிறேன்.

பரமேசக்காவின் கடையில் எடுபடுவது முட்டையப்பம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் முட்டை இளகியும் இளகாமலும் இருக்கும். நான் ரியூசனுக்குப் போன காலத்தில், திரும்பி வரும் நேரம் பார்த்து எனக்கென்று ஒன்று ஊற்றிவைப்பார். அவருக்கு ஒரே கரைச்சல் முட்டை. விலை ஏறுகிற நாளில் முட்டையப்பம் விற்றால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது, விற்காவிட்டால் ஆள் வராது. சொந்தமாகக் கோழி வைத்து, சொந்த முட்டையை ஊற்றினால் கடை நிமிர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. நெடுநாள் நினைத்திருந்து, சீட்டுக்காசு கையில் வந்ததும் கம்பிவலை வாங்கிக் கடைக்குப் பின்னால் கூடு அடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"எல்லாம் பேடாத் தருவன் அக்கா, ஒண்டும் பிழை வராது" என்றேன். அவருக்குப் புள்ளி, கோடு, பரம்பரை ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "சேவல் ஒண்டும் வந்திரப்படா புள்ள. கூவுறதுக்கு வீட்டில ஆள் இரிக்கு."

இரண்டு பெட்டி

குஞ்சுகள் பொரித்தது எனக்குக் கம்பஸ் சோதனை தொடங்கும் காலை. விடிய எழும்பி என் கையாலேயே பிரித்தேன். புள்ளியில்லாத பேடெல்லாம் ஒரு பெட்டி, புள்ளியுள்ள சேவலெல்லாம் மற்றப் பெட்டி, அது கறிக்குச் சேவல் கேட்டிருந்த நவாஸ் நானாவுக்கு. "புள்ளியில்லாத பெட்டி பரமேசக்காவுக்கு" என்று அம்மாவுக்கு இரண்டு முறை சொன்னேன். பஸ்ஸில் ஏறியும் போனில் சொன்னேன். சோதனை முடிந்த கையோடு வயல் பயிற்சிக்கென்று எங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள்; மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரக் கிடைக்கவில்லை. குஞ்சு பொரித்த அன்று பின்னேரமே, கொடுத்தீர்களா என்று போனில் கேட்டதற்கு அம்மாவின் பதில் கொஞ்சம் அவசரமாகத்தான் இருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை: "ஓம் ஓம், குடுத்தாச்சு, மற்றப் பெட்டிய நவாஸ் நானா கொண்டுபோயிட்டார், நீ சோதனைய எழுது."

சாட்சிகள்

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்து ஒழுங்கைக்குள் திரும்பினேன். அப்பக்கடைக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் கூவியது. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது. அதற்கு வேறொன்று. கூவிப் பழகும் வயசு. ஒவ்வொன்றும் தொண்டை உடைந்த பெடியன் மாதிரி இழுத்தது. கம்பிவலையில் எட்டிப் பார்த்தேன். அத்தனையும் சாறன் உடுத்திக்கொண்டு நின்றன. கோடு கோடாய். அத்தனையும் சேவல்.

"வாங்க, படிச்ச புள்ள வாங்க" என்று கடைக்குள்ளிருந்து சிவலிங்கம் அண்ணன் வரவேற்றார். கடை நிறைய ஆள். நான் வாதாடத் தொடங்கினேன். இவை புள்ளியுள்ள பெட்டிக் குஞ்சுகள், நான் கொடுக்கச் சொன்னது புள்ளியில்லாத பெட்டி என்றேன். "ரெண்டு பெட்டியிலயும் சேவலத்தான் நிரப்பி வெச்சிரிந்திரிக்கிறாய். எதத் தொட்டாலும் சேவல் வாற மாதிரி" என்றார். பரம்பரையியல் என்றேன். "கள்ளப் பரம்பரை" என்றார். பேட்டையும் சேவலையும் பிரித்தறியும் முறையை முதலிலிருந்து விளங்கப்படுத்தக் கையை உயர்த்தினேன். பின்னால் எல்லாச் சேவலும் சேர்ந்து கூவின. பரமேசக்கா என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், கடையில் வாங்கிய முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எந்த ஏச்சையும் தாங்குவேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. மூலையில் சம்பல் தொட்டுக்கொண்டிருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, சாட்சியள் வந்திரிக்கினம், விசாரியுங்க."

அம்மாவின் கெடு

அதன்பிறகு குஞ்சு வாங்க ஒருவரும் வரவில்லை. வந்த ஒருவரும் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "சேவல் முட்டை இல்லத்தானே?" என்று சிரித்துக்கொண்டு போனார். புள்ளி வைக்கிறது, சாயம் பூசுகிறது, பெட்டி மாற்றுகிறது என்று பழைய கதைகளும் எழும்பி வந்தன. நான் வீட்டுக்குள் நடந்து நடந்து வாதாடினேன். கேட்க ஆளில்லாமல் கிணற்றோடு வாதாடினேன். இரண்டு பெட்டியையும் பிரித்தது என் கை. என் கை பிழை விடவில்லை. அம்மாவைக் கேட்டால் "நீ சொன்ன பெட்டியத்தான் எடுத்துக் குடுத்தன்" என்றார். அப்படியென்றால் பிழை எங்கே?

வழக்கமாக என்னோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்குக் கேட்கச் சண்டை பிடிக்கிற அம்மா, இந்த விசயத்தில் மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அம்மன் கோயில் சடங்கு தொடங்க முந்தி எல்லாக் கோழியையும் கறிக்காரனுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். சாறன் பேடுகளையுமா என்றேன். ஓம் என்றார். விதானையையுமா என்றேன். சேவல் அப்போது குசினி வாசலில் நின்று அவரைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்கு ஒரு பிடி அரிசி எறிந்தார். ஆனாலும் சொன்னார்: "அவருக்கும் இடமாற்றம்தான்."

யாருக்கும் சொல்லாத சங்கதி

கறிக்காரன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின பின்னேரம் நவாஸ் நானாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இவரும் முறைப்பாட்டோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வாயைத் திறக்குமுன்பே நீலத்தைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

அன்றைக்கு அம்மா கொடுத்த பெட்டியில் சேவல்குஞ்சு என்றுதான் அவர் வாங்கிக்கொண்டு போனாராம். மகளின் கலியாணச் சாப்பாட்டுக்கு வளர்க்க நினைத்தாராம். குஞ்சுகள் கறுகறுவென்று வளர்ந்தன, ஒன்றும் கூவவில்லை, சாதுவான சாதி என்று நினைத்துக்கொண்டாராம். போன கிழமை கூட்டுக்குள் கையை விட்டால் முட்டை. புள்ளியில்லாத பெட்டி! நான் பிரித்தது சரி! பேடெல்லாம் ஏறாவூரில்! என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார். யாரும் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கிட்ட வந்து சொன்னார்: "நீங்க தந்த சேவலெல்லாம் முட்டை போடுது மகள். அல்லாட ரஹ்மத்து. நான் ஒத்தருக்கும் சொல்லல்ல."

ஒரு வசனம்

அம்மாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. குசினிக்குப் போனேன். அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார், காலையில் கழுவின அம்மியை. கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

அன்றைக்குக் குஞ்சு எடுக்க வந்தது பரமேசக்கா இல்லை, சிவலிங்கம் அண்ணன். அம்மா புள்ளியில்லாத பெட்டியைத்தான் முதலில் கொடுத்திருக்கிறார். அண்ணன் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்துச் சிரித்தாராம். "பொட்டு வெச்சிரிக்கிறது பொம்புளப் புள்ளயா, வெக்காதது பொம்புளப் புள்ளயா? உங்கட மகள் சேவல எங்கட தலையில கட்டப் பார்க்கிறாள்" என்று, புள்ளியுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். அம்மாவுக்கும் அப்போது அது சரிபோல இருந்ததாம். நான்தான் மாறிச் சொல்லிவிட்டேனாக்கும் என்று, மிஞ்சின பெட்டியைச் சேவலென்று நவாஸ் நானாவுக்குக் கொடுத்திருக்கிறார். சேவல்கள் கூவியபிறகு நடந்ததைச் சொல்ல வெட்கம்.

"பெத்த புள்ள இரண்டு முறை சொல்லியும் நம்பாம, அவர் சொன்னதையா நம்பின நீங்க?" என்று கத்தினேன். அம்மா அம்மிக்கல்லை நிமிர்த்தி வைத்தார்: "நீ ஒரு விசயத்தச் சொல்லக்குள்ள ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்துவாய். அவர் ஒரே வசனத்தில சொன்னாரே புள்ள."

பதில்

நவாஸ் நானாவை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போனது. கலியாணத்துக்கு அவருக்கு வேண்டியது சேவல். அப்பத்துக்குப் பரமேசக்காவுக்கு வேண்டியது பேடு. இரண்டு பேருடைய கூட்டிலும் மற்றவருடைய கோழி நிற்கிறது. பேடுகளில் பாதியைத் தருவதாக ஒத்துக்கொண்டார். மிச்சப் பாதியை ரஹ்மத்துக் கணக்கில் வைத்துக்கொண்டார். கறிக்காரனுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்று சொன்னது அம்மாதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பின்னேரம், அப்பக்கடை நிறைய ஆள் இருக்கிற நேரம் பார்த்துப் போனோம். நான் முன்னுக்கு. பெட்டியோடு நவாஸ் நானா. பின்னால், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அம்மா. பெட்டியை வாங்குப் பலகையில் வைத்துத் திறந்தேன். கறுத்தப் பேடுகள் கழுத்தை நீட்டி மினுங்கின. நவாஸ் நானா சட்டைப்பையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்துப் பரமேசக்காவின் சட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார். "இது அந்தப் புள்ள தந்த மற்றப் பெட்டி போட்டது" என்றார். பரமேசக்கா ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளைக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப எனக்கு வந்த பெட்டி எது?"

நான் வாயைத் திறந்தேன். வரலாற்றிலேயே முதல் தடவையாக அம்மா என்னை முந்தினார். "உங்களுக்கு இந்தப் பெட்டியத்தான் என்ட புள்ள எடுத்து வெச்சது. உங்கட அவர்தான் மாத்திக்கொண்டு போனவர். நானும் விட்டுட்டன்."

அந்த நேரம் பிள்ளையார் கோயிலால் சிவலிங்கம் அண்ணன் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதற்கு நடுவில் குங்குமம்.

"பெட்டிய மாத்தினீங்களா?" என்றார் பரமேசக்கா.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். பேடுகளைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு இருமலாவது வந்திருக்கும். "மாத்தினன்தான்" என்றார். "ஏன் மாத்தப்படா? எனக்கென்ன கண் தெரியாதா? பொட்டு வெச்சிரிந்தா அது பொம்புள. சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். இவள் கோழிக்கு வேற சட்டம் வெச்சிரிந்தா அதுக்கு நானா பொறுப்பு?"

அப்பம் சாப்பிட வந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அம்மாவின் தலைகூடக் கொஞ்சம் ஆடப் பார்த்தது. நான் மூச்சை இழுத்தேன்; புள்ளியில் தொடங்கிக் கோட்டில் முடிகிற முழு விளக்கமும் தொண்டைக்கு வந்துவிட்டது. பரமேசக்கா அப்பக்கரண்டியைத் தூக்கி என்னை நிறுத்தினார். அநியாயம் நடந்தது எனக்கு என்று மேலே எழுதினேன். சீட்டுக்காசும், கூடும், இத்தனை மாதத் தீனியும் ஒரே பார்வையில் அந்த முகத்தில் ஓடியதைக் கண்டபிறகு, எனக்கு இரண்டாமிடம்தான் என்று ஒதுங்கிக்கொண்டேன்.

கோழியின் நிறத்தை மாற்ற ஒரு தலைமுறை போதும், மனிசரின் நிச்சயத்தை மாற்றத்தான் அப்பக்கரண்டி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நான் கண்டது. கரண்டி சந்தனப் பொட்டுக்கு நேரே நீண்டது. பரமேசக்கா சத்தம் போடாமல் சொன்னார்:

"நீங்களுந்தான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பொட்டு வெச்சிட்டு வாறீங்க. இண்டைவரைக்கும் ஒரு முட்டை போட்டிரிக்கிறீங்களா?"